பிணமில்லா வீட்டில் பாடிய பாட்டு

சேசு, மரி, சூசை துணை

மஞ்சக்குப்பம், கடலூர்
14.11.2011

என் மகள் ஆரோக்கிய ஜெனிபருக்கு அம்மா வியாகுலமேரி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. நீயாவது சுகமாக இரு. ஜெர்மனியில் குளிர் தொடங்கியிருக்கும். கழுத்தில் துணியைச் சுற்றாமல் வெளியே போகாதே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அம்மா என்றதும் எனக்குத் தொண்டை அடைக்கும், அதைக் கேட்டு உனக்கும் அடைக்கும். தொண்டையை வைத்துப் பிழைக்கிறவள் நீ. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. ரயிலில் வைத்துப் படிக்காதே.

உன் புருஷன் செம்பியன் ஸ்கூட்டரிலிருந்து விழவில்லை. புவனகிரி ரோட்டில் மாடு குறுக்கே வந்தது, சறுக்கிவிட்டது, கையில் சின்ன அடி என்று உன்னிடம் கதை விட்டிருக்கிறார். என்னிடமும் முதலில் அதே மாட்டைத்தான் ஓட்டினார். மாடுமில்லை, ரோடுமில்லை. அடித்தது உன் அண்ணன் ஜெகன்.

கல்லறைத் திருநாளன்று ஜெகன் உன் அண்ணி பிலோமினாவின் கல்லறைக்கு மெழுகுத்திரி ஏற்றப் போனான். அங்கே யாரோ ஒரு நல்லவன், உன் தங்கச்சி பிப்ரவரியில் சிதம்பரத்துக்கு வந்து மாப்பிள்ளையின் நாடகத்தில் பாடப் போகிறாளாமே என்று கேட்டு வைத்திருக்கிறான். எந்த நாடகம் என்று இவன் கேட்டிருக்கிறான். கொள்ளிடத்து நாடகம் என்று பதில் வந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த வாரச் சனிக்கிழமை, சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வராமல், கம்பெனியிலிருந்து ஒரு இரும்பு பைப்பை எடுத்துக்கொண்டு நேரே சிதம்பரம் போய்விட்டான்.

கீழ வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை இருபது பேரை வைத்துப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். இவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருக்கிறான். முதல் அடி கீபோர்டின் மேல். இரண்டாவது அடிக்கு மாப்பிள்ளை குறுக்கே கையை வைத்து மறைத்தாராம். பைத்தியக்கார மனுஷன், பொருள் போனால் வேறு வாங்கலாம், விரல் எங்கே விற்கிறது? இடது கையில் மூன்று விரல் நசுங்கிவிட்டது. நெற்றியில் தையல். தோள்பட்டை எலும்பில் விரிசல்.

அதோடு விட்டானா? நீ வரும்வரை உன் இடத்தில் நின்று பாடுகிற சுவேதா என்ற பெண், குறிஞ்சிப்பாடிக்காரி, பாதிப் பாட்டில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவள் தலைமயிரைப் பிடித்து, வாயைப் பொத்தி, சுவரோடு வைத்து அழுத்தியிருக்கிறான். அவள் பல் அவள் உதட்டிலேயே இறங்கிவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ. அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மா காலில் விழுந்துவிட்டு வந்தேன். அந்த அம்மா என்னைத் தூக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றைக்கு இவன் சட்டையெல்லாம் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தான். குழாயடியில் கை கழுவினான். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உம் மருமவன் இனிமே ஒத்தக் கையாலதான் வாசிக்கணும். சோறு போடு" என்றான். கையிலிருந்த கரண்டியை அவன் முகத்தில் எறிந்தேன். அவன் துடைத்துக்கொண்டு தானே போட்டுச் சாப்பிட்டான். முப்பது வருஷம் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்த்தவள் நான். எத்தனையோ முரட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என் வயிற்றில் பிறந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் பூசைக்குக்கூடப் போகாமல் முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். போலீசில் சொல்லுங்கள், நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். "மச்சான் மேல கேஸ் குடுத்துட்டு ஜெனி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன் அத்தை?" என்று கேட்டார். மண்டபத்துக்காரரிடமும் சாமான் சரிந்து விழுந்துவிட்டதென்றே சொல்லச் சொல்லியிருக்கிறார். சுவேதாவும் அவருக்காக வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடிய வாயைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் உனக்குத் தெரியும். ஏழு வருஷமாக நீயும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது எழுதியே தீரவேண்டும்.

உங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ். பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை அப்போதுதான் அந்த நாடகத்தைக் கட்டத் தொடங்கியிருந்தார். கொள்ளிடத்து வெள்ளம் கொண்டுபோன பிள்ளைக்காகக் கரையில் நின்று தாய் அழுகிற ஒப்பாரி. காட்டுமன்னார்கோயிலில் அவர் அத்தை பட்டம்மாள் பாடியதைக் கேட்டு, அதை உன் குரலுக்கு மேலே மேலே ஏற்றி எழுதியிருந்தார். பாடிக் காட்டு என்றார். நீ பாடினாய். ஓட்டுக்கு மேலே போய் நின்றது உன் குரல். பிலோமினா மகள் ஆக்னஸை மடியில் வைத்துக்கொண்டு கூடவே முணுமுணுத்தாள். இன்னொரு தடவை பாடு ஜெனி என்று கேட்டதும் அவள்தான். பக்கத்து வீட்டுத் தைலம்மாள் மட்டும் ஓடிவந்து, பிணமில்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கலாமா, நிறுத்துங்கடி, வேண்டுமானால் ஊருக்கு வெளியே போய்ப் பாடுங்கள் என்று கத்தினாள். நாமெல்லாம் சிரித்தோம். ஜெகனும்தான் சிரித்தான்.

மறுநாள் ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள். ஜெகன் காலை ஷிப்டுக்குப் போய்விட்டான். புதுக் கவுனோடு கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆக்னஸ் அழுததால் பிலோமினா அவளைச் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனாள். பிலோமினா கெடிலம் முகத்துவாரத்தில் கிடைத்தாள். குழந்தை கிடைக்கவேயில்லை.

அடக்கத்தன்று நாம் யாரும் வாய்விட்டு அழ ஜெகன் விடவில்லையே, மறந்துவிட்டாயா? "முன்னாடியே அழுதாச்சு. அன்னிக்கே எல்லாத்தையும் பாடி அழுதாச்சு. இனிமே எவளாவது வாயத் தொறந்தா வெட்டிடுவேன்" என்று பெட்டிக்குப் பக்கத்தில் அரிவாளோடு நின்றான். நீயும் நானும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கல்லறை வரை நடந்தோம்.

பாட்டுத்தான் கடலைக் கூப்பிட்டது என்று நான் நம்புகிறேனா? பகலில் நம்புவதில்லை. அந்தச் சுனாமியில் கடற்கரை நெடுகச் செத்தார்களே, அவர்கள் வீட்டிலெல்லாமா நீ பாடினாய்? இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். அவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும். கடலை அடிக்க முடியாது.

மாப்பிள்ளை இந்த நாடகத்துக்காக எவ்வளவு பட்டார் என்று எனக்குத் தெரியும். பாண்டிச்சேரியில் முதல் நாடகம் போட்டபோது பார்க்க வந்தவர்களை எண்ண ஒரு கை போதும். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்துகொண்டே எழுதினார். ஜெர்மனிக்கு உன்னோடு வந்துவிடச் சொன்னதற்கு, கொள்ளிடத்தைச் சிதம்பரத்தில்தான் முதலில் போடுவேன் என்று பிடிவாதமாக இங்கேயே கிடந்தார். நீயும் கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, சென்னையில் படித்து, இன்றைக்கு வெள்ளைக்காரர்கள் டிக்கெட் எடுத்து வந்து கேட்கிற அளவுக்குப் போய்விட்டாய். ஆப்பரா என்றால் என்ன என்று தைலம்மாள் கேட்டாள். சண்டை, சாப்பாடு, சாவு எல்லாம் பாட்டாகவே நடக்கும் என்றேன். அப்படியானால் உங்கள் வீடுதான் என்றாள். அவள் வாயை அடைக்க யாரால் முடியும்.

ஆனால் மகளே, நீ வராதே. ஜெகன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ அந்தப் பாட்டுக்கு வாயத் தொறந்தா மேடையிலயே குரல்வளைய அறுத்துடுவேன். தங்கச்சின்னு பாக்கமாட்டேன்." குடித்துவிட்டுச் சொல்லவில்லை. குடிக்காமல், முகம் கழுவித் தலை சீவிக்கொண்டே சொன்னான். அதனால்தான் வராதே என்கிறேன்.

அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் பாடு. அல்லது அந்த ஊரிலேயே இருந்து பாடு. உன்னைப் பார்க்காமல் இருந்துகொள்வேன், பழகிவிட்டது. பார்க்கவே முடியாமல் போவதற்கு என்னால் பழக முடியாது. ஆரோக்கிய மாதா உன் தொண்டையில் கை வைத்துக் காக்கட்டும்.

அம்மா
வியாகுலமேரி


சேசு, மரி, சூசை துணை

மஞ்சக்குப்பம், கடலூர்
9.1.2012

என் மகள் ஜெனிபருக்கு,

உன் பதில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. செத்தவர்களுக்கான பூசைப் பாட்டை ஊர் ஊராகப் போய் லத்தீனில் பாடுகிறேன், முகம் தெரியாத பிணங்களுக்கெல்லாம் பாடிவிட்டேன், அண்ணிக்கும் ஆக்னஸுக்கும் இன்னும் அழவேயில்லை அம்மா, நான் வருவேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி என்று வாய்விட்டே திட்டினேன். கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்தேன்.

அப்புறம் புயல் வந்தது. தானே என்று பெயர் வைத்தார்களாம். உனக்குப் போன் வராமல் தவித்திருப்பாய். இன்னும் கரண்ட் வரவில்லை, செல்போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருக்கிற கடையில் வரிசை நிற்கிறது. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு மரம் இல்லை. பலாவும் முந்திரியும் போய்க் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஜனங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நம் வீட்டு ஓடு பாதி போய்விட்டது. தைலம்மாள் வீடும் அப்படித்தான். அவள் உயிரோடும் வாயோடும் இருக்கிறாள்.

இனி எழுதப் போவதை யாரிடமும் நான் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னும் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி, விடிந்தும் விடியாத நேரம். ஜன்னல் கதவைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே மழை. நான் மாதா படத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் இருந்தேன். ஜெகன் மட்டும் கூடத்தில் எழுந்து நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தான். எங்கேடா என்றேன். "கடலு வருதும்மா. அவ இன்னும் வரவேயில்ல, அதுக்குள்ளியே வருது பாரு. அவன் அங்க மறுபடி பாட ஆரம்பிச்சிட்டான். முடிச்சிட்டு வரேன்" என்றான். அவன் சத்தம் போடவில்லை. ஷிப்டுக்குப் போகிறவன் மாதிரி சொன்னான். பைப்பை எடுக்கவில்லை. அரிவாளை எடுத்து முதுகுப் பக்கம் சட்டைக்குள் செருகினான்.

போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். மரம் விழுந்த ரோட்டில் வண்டி போகாது என்று இப்போது சொல்லலாம். வண்டி போகாவிட்டால் நடந்து போவான். அவன் கண்ணை நான்தான் பார்த்தேன்.

வாசலில் குறுக்கே நின்றேன். ஒரு தள்ளு தள்ளினான். நிலையில் போய் மோதினேன். முன்பல் இரண்டு போய்விட்டது. காலைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலாலேயே மார்பில் உதைத்தான். பால் கொடுத்த இடம் என்றெல்லாம் எழுதமாட்டேன், உதைக்கிறவனுக்கு எல்லாம் ஒரே இடம்தான். வெளியே தாழ்வாரத்தில் வண்டியை நிமிர்த்தி உதைத்துப் பார்த்தான். தண்ணீர் புகுந்த வண்டி, கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தான்.

அம்மி அங்கேதான் கிடக்கிறது. குழவியை இரண்டு கையாலும் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று கேட்காதே. சாதாரணமாக அதை உருட்டத்தான் எனக்குத் தெம்பு. அவன் குனிந்திருந்தான், காற்றில் என் சத்தம் கேட்கவில்லை. முட்டியில் போட்டேன். அம்மா என்று விழுந்தான். அந்த அம்மா என்ற சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. கீழே கிடந்துகொண்டு அரிவாளைத் தேடிக் கை போனது. குழவியை மறுபடி எடுத்து அதே காலில், முட்டிக்குக் கீழே போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் புயலிலும் கேட்டது.

முதல் தடவை போட்டது அவனைத் தடுக்க. இரண்டாவது தடவை போட்டது கோபத்தில். சுவேதாவின் உதடு, மாப்பிள்ளையின் விரல், ஏழு வருஷமாக முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தது, எல்லாம் அதில் இருந்தது. உனக்குப் பொய் எழுதமாட்டேன்.

அரிவாளை எடுத்துக் கிணற்றில் போட்டேன். அவனைத் தாழ்வாரத்து மூலைக்கு இழுத்து வந்து தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் ஏது, ஆள் ஏது? காற்று அடங்கும்வரை அவன் அலறினான், நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அலறல் நின்றது. "கடலு வந்துச்சாம்மா?" என்று கேட்டான். வரவில்லைடா என்றேன். நம்பவில்லை. திரும்பவும் கேட்டான். தெருவில் மழைத் தண்ணீர்தான் ஓடுகிறது, இனிப்புத் தண்ணீர், வாயில் விட்டுப் பார் என்று கையில் ஏந்தி அவன் உதட்டில் விட்டேன். நக்கிப் பார்த்தான். அப்புறம் ஆக்னஸ் ஆக்னஸ் என்று அழ ஆரம்பித்தான். அந்தப் பெயரை அவன் வாயால் இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். நானும் அழுதேன். பெயர் சொல்லி, பாட்டாக, சத்தம் போட்டு அழுதேன். நிறுத்து என்று அவன் சொல்லவில்லை.

மத்தியானம் தைலம்மாளும் தெருக்காரர்களும் கதவுப் பலகையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், சுவர் விழுந்துவிட்டது என்று ஜெகன் சொன்னான். என் பல்லைக் காட்டி, அம்மா வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்றும் அவனே சொன்னான். நம் வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதேயில்லை பார். மாப்பிள்ளை ஸ்கூட்டரிலிருந்து விழுவார், அண்ணன் மேல் சுவர் விழும், அம்மா வழுக்கி விழுவாள்.

காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். முட்டி மடங்காது என்றார்கள். இனி கம்பெனியில் நின்று வேலை செய்ய முடியாது. மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையோடு பார்க்க வந்தார். ஜெகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடிகிறவரை அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு, "கால் கூடட்டும்" என்றான் ஜெகன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திருந்திவிட்டான் என்று எழுதி உன்னை வரவழைக்கமாட்டேன். கட்டுப் பிரிக்க மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் உன் நாடகம் முடிந்துவிடும், தவக்காலமே பெரும்பாதி போய்விடும்.

அதனால் நீ வா. மண்டபத்துக் கூரை தப்பித்தது. ஜெனரேட்டர் வைத்துப் பயிற்சி நடக்கிறது. மாப்பிள்ளை வலது கையால் மட்டும் வாசித்து, இடது கைக்கு வேறொருவரை உட்கார வைத்திருக்கிறார். சுவேதா திரும்பி வந்துவிட்டாள், கூட்டத்தில் நின்று பாடுகிறாள். நீ வந்து அந்தப் பாட்டை முழுவதும் பாடு. எந்த வரியையும் விடாதே, மெதுவாகப் பாடாதே. முன்வரிசையில் நான் இருப்பேன். பொக்கை வாயோடு ஒருத்தி உட்கார்ந்து சத்தமாக அழுதால் அது உன் அம்மாதான், கூச்சப்படாதே.

ஆஸ்பத்திரிக்கு வந்து உன் அண்ணனைப் பார் என்று சொல்லமாட்டேன். அவனை மன்னித்துவிடு என்றும் சொல்லமாட்டேன். நசுங்கினது என் விரல் இல்லை, கிழிந்தது என் உதடு இல்லை, மன்னி என்று சொல்வது எனக்குச் சுலபம். அவனுக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்கு நான் சோறு ஊட்டுகிறேன், என் கையால் வாங்கிக்கொள்கிறான். வாயைத் திறக்கும்போது மட்டும் என் கையையே பார்க்கிறான்.

அவனுக்காக ஜெபம் பண்ணு என்று கேட்கவில்லை மகளே. எனக்காகப் பண்ணு.

அம்மா
வியாகுலமேரி